கால் தடுமாறினால் காதையும் கவனியுங்கள்



நாம் எதைக் கொண்டு நடக்கிறோம் என்று கேட்டால் சின்னக் குழந்தையும் "காலால்" என்று சொல்லிவிடும். கொஞ்சம் யோசிப்பவர்கள் "காலும் கண்ணும்" என்பார்கள். காதும் சேர்ந்துதான் நம்மை நடக்க வைக்கிறது என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். காது கேட்பதற்குத்தானே? அதற்கும் நடைக்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறது, நெருங்கிய உறவே இருக்கிறது. அது தெரியாததால் நம் தோட்டங்களில் குடிக்காதவரும் குடிகாரர் என்ற பழியைச் சுமந்ததுண்டு. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிட்ட பெரியவர்கள் இருட்டில் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, படுத்த படுக்கையானதும் உண்டு. ஆகவே இந்த மாதம் காது செய்யும் இன்னொரு வேலையைப் பற்றிப் பேசுவோம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

முதலில் ஒரு சோதனை. சுவர் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் கண்களை மூடுங்கள். உடம்பு சற்றே அசையும், ஆனாலும் நின்றுவிடுவீர்கள். இப்போது ஒரு தடித்த தலையணையைத் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, அதே போலக் கண்ணை மூடிப் பாருங்கள். அசைவு அதிகமாகும். நின்றுவிட்டால், உங்களை நிற்க வைத்தது உங்கள் காது!

எப்படி என்கிறீர்களா? உடம்பு நேராக நிற்கிறதா, சாய்கிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற செய்தியை மூளைக்குச் சொல்பவர்கள் மூன்று பேர். ஒன்று கண். இரண்டாவது நம் பாதமும் மூட்டுகளும் தசைகளும். மூன்றாவது காதின் உட்பகுதி. மூன்று பேர் சேர்ந்து தூக்கும் சுமையில் ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்ற இருவரும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். இரண்டு பேர் எடுத்துவிட்டால் மிஞ்சிய ஒருவர் தலையில் முழுப் பாரமும் இறங்கும். கண்ணை மூடியதும் கண் விலகியது. மெத்தென்ற தலையணையில் ஏறியதும் பாதம் சொல்லும் செய்தி குழம்பியது. மிஞ்சியது காது ஒன்றுதான்.

அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த மக்கள் உடல்நலக் கணக்கெடுப்பு ஒன்றில் இதே சோதனையைத்தான் செய்தார்கள். 40 வயதைத் தாண்டியவர்களை மெத்தையின் மேல் கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். அவர்களில் 35 சதவீதத்தினரால் நிற்க முடியவில்லை. மூன்றில் ஒருவர்! அவர்களில் பலர் தங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எண்ணியிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில், சமமான தரையில் நடக்கும் வரைக்கும் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

காதுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? கொத்தனார் சுவர் கட்டும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கண்ணாடிக் குழலில் ஒரு திரவமும் ஒரு குமிழியும் இருக்கும். பலகை சாய்ந்தால் குமிழி ஓடும். நம் உட்செவியிலும் ஏறக்குறைய அப்படி ஓர் அமைப்பு உண்டு. வளையல் துண்டுகளைப் போல வளைந்த மூன்று மெல்லிய குழல்கள், மூன்று திசையில் அமைந்திருக்கின்றன. அரைவட்டக் குழல்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். குழல்களுக்குள் ஒரு திரவம். தலையைத் திருப்பினால் திரவம் அசைந்து, மயிரிழை போன்ற நுண்ணிய உணர்வணுக்களை வளைக்கிறது. தலை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று உடனே மூளைக்குத் தெரிந்துவிடும்.

குழல்களை அடுத்து இரண்டு சிறு பைகள். அவற்றில் பசை போன்ற படலத்தின் மேல் மணலை விடப் பொடியான கற்கள் பதிந்திருக்கின்றன. முட்டை ஓட்டில் இருக்கும் அதே சுண்ணாம்புப் பொருள்தான் அந்தக் கல். தலை சாயும்போது கற்களின் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். மேல் எது, கீழ் எது என்று நமக்குத் தெரிவது இதனால்தான்.

பள்ளிக்கூடத் திடலில் பிள்ளைகள் தட்டாமாலை சுற்றுவதைப் பாருங்கள். கைகளை விரித்துக்கொண்டு சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டுச் சட்டென்று நிற்பார்கள். நின்ற பிறகும் பூமி சுழலும். கால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஏன்? உடம்பு நின்றுவிட்டது, குழலுக்குள் இருக்கும் திரவம் இன்னும் நிற்கவில்லை. வாளித் தண்ணீரைக் கையால் கலக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் தண்ணீர் சற்று நேரம் சுழலுகிறதல்லவா, அதைப் போல. கண் "நின்றாயிற்று" என்கிறது. காது "இன்னும் சுற்றுகிறோம்" என்கிறது. இந்தச் சண்டைக்குப் பெயர்தான் தலைச்சுற்றல். பிள்ளைகளுக்கு அரை நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. நோயாளிக்கோ நாள் கணக்கில் தீராமல் போகலாம்.

காதின் இன்னொரு உதவியைத் தெரிந்துகொள்ள இந்தப் பத்திரிகையே போதும். தலையை அசைக்காமல், பத்திரிகையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிக்கொண்டே படியுங்கள். எழுத்து கலங்கும். இப்போது பத்திரிகையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டிக்கொண்டு படியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிகிறது! தலை வலப்பக்கம் போனால் கண்ணை அதே அளவு இடப்பக்கம் திருப்பும்படி காது கட்டளையிடுகிறது. நாம் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தலை மேலும் கீழும் குலுங்குகிறது. ஆனாலும் எதிரே வருபவர் முகம் குலுங்காமல் தெரிவது காதின் தயவால்தான்.

காது வேலையை நிறுத்தினால்

இரண்டு காதுகளும் இந்த வேலையை அடியோடு நிறுத்திவிட்டால் நடை என்னவாகும்? 1952-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் தம் அனுபவத்தையே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். பெயரைக்கூட முழுதாகப் போடாமல் ஜே.சி. என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் போட்டார். அவருக்கு முழங்காலில் காசநோய். அதற்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். அந்த மருந்து அவருடைய உட்செவியின் உணர்வணுக்களை அழித்துவிட்டது.

படுக்கையில் படுத்துக்கொண்டு படிக்கக்கூட அவரால் முடியவில்லை. நாடித் துடிப்பினால் தலை அசையும் அந்தச் சிறு அசைவுக்கே எழுத்துகள் குதித்தனவாம்! கட்டிலின் இரும்புக் கம்பிகள் இரண்டின் நடுவே தலையை முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டுதான் படித்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும், நடந்துகொண்டே ஒரு பெயர்ப்பலகையைப் படிக்க முடியவில்லை. நின்றால்தான் எழுத்து நின்றது. எதிரில் வரும் நண்பரின் முகமும் அப்படித்தான். இருட்டில் அவர் பாடு இன்னும் திண்டாட்டம். காலப்போக்கில் கண்ணையும் காலையும் பழக்கிக்கொண்டு மெல்ல மெல்ல நடமாடக் கற்றுக்கொண்டார். அவர் காதோ மற்றபடி நன்றாகவே கேட்டது. நன்றாகக் கேட்கும் காதுக்கு நடையை நிறுத்தும் நோய் வரக்கூடும் என்று யாருக்குத் தோன்றும்?

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஷாட்ஸ் என்ற இளைஞரின் உழைப்பால் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து. காசநோய்க்கு அதற்கு முன் சரியான மருந்தே கிடையாது. ஆகவே உலகமே அதைக் கொண்டாடியது. ஆனால் பிரிட்டனில் அதைச் சோதித்து 1948-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. மருந்து பெற்ற 55 பேரில் 36 பேருக்குத் தலைச்சுற்றல் வந்தது. உயிரைக் காத்த மருந்தே நடையைத் தொட்டது.

நம்மவர்களுக்கு இதில் பங்கு உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. ஆரோக்கிய விடுதியில் மாதக் கணக்கில் படுத்துக் கிடக்காமல், ஏழைகள் தங்கள் குடிசையிலிருந்தே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டிய மையம் அது. அந்த முதல் ஆய்வு மாத்திரைச் சிகிச்சை. பிறகு வாரம் இரண்டு முறை, ஊழியர் கண்ணெதிரே, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மாத்திரையும் தரும் முறையையும் அங்கே சோதித்து 1964-இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குத் தலைச்சுற்றல் வந்ததையும் அந்த மருத்துவர்கள் கவனித்து எழுதி வைத்தார்கள்.

மலேசியாவில் 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பமானது. அந்தக் காலத்துச் சிகிச்சையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்கும் இடம் இருந்தது. ஊசி போட்டு உயிர் பிழைத்து, பிள்ளை குட்டிகளைப் பெற்று வளர்த்த தோட்டத் தொழிலாளர்கள் பலர். அவர்களைக் காப்பாற்றிய மருந்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இப்போது காசநோய்க்கு வழக்கமாகத் தருவது மாத்திரைகள்தான். இந்த ஊசி அல்ல. ஆகவே காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் முற்றும். தலை சுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதை மாற்றுவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

இருட்டில் விழுந்த பழி

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். இளவயதில் நெஞ்சு நோய்க்கு நிறைய ஊசி போட்டுக்கொண்டவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பகலில் அவர் நடையில் ஒரு குறையும் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டால் கால்களை அகட்டி வைத்து, வேலியைத் தொட்டுத் தொட்டு நடப்பார். லோங்காங்கின் மேல் போட்ட பலகையைத் தனியாகக் கடக்கமாட்டார். பாட்டி விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போவார். கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனிதரை, "பகல்லே சாமியார், ராத்திரியிலே ஆசாமி" என்று கேலி பேசினார்கள். கருக்கலில் பால் வெட்டப் போய் இரண்டு தடவை பாலோடு விழுந்தார். அதற்குப் பிறகு அவருக்கு மரம் கொடுக்கவில்லை. புல் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பகலில் நிமிர்ந்த நடை, இருட்டில் அகட்டிய கால், விளக்கைக் கண்டால் வரும் தெம்பு. உட்செவி கெட்டவரின் அடையாளங்கள் அத்தனையும் அவரிடம் இருந்தன. டிரஸ்ஸரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

பால் மரம் வெட்டுபவர்களின் வேலையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து போக வேண்டும். வெளிச்சம் என்றால் நெற்றியில் கட்டிய விளக்கு காட்டும் ஒரு வட்டம்தான். காலடியில் உதிர்ந்த இலையும் ஈர மண்ணும். சரிவான நிரை, வேர் தடுக்கும், பள்ளம் இருக்கும். கண்ணுக்கும் பாதத்துக்கும் பாதி வேலைதான் ஓடும். அமெரிக்காவில் மெத்தையின் மேல் கண்ணை மூடி நிற்க வைத்துச் செய்த சோதனையை நம் மக்கள் தினமும் விடியற்காலையில் பால் வாளியோடு செய்துகொண்டிருக்கிறார்கள்! நகரத்தில் வெளிச்சமான அலுவலகத்தில் இருப்பவருக்குப் பத்து வருடம் தெரியாமல் இருக்கும் காதுக் குறை, தோட்டத்தில் பத்தே நாளில் காலை வாரிவிடும்.

தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் என்று தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்களிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இரவு விளக்கை அணைத்த பிறகு, மெத்தென்ற மிதியடியில் கால் வைத்துக் குளியலறைக்குப் போகிறார்கள். அதுவும் அதே சோதனைதான்.

வேறு மூன்று நோய்கள்

காது நடையைக் கெடுப்பது மருந்தினால் மட்டுமல்ல. அடிக்கடி காணப்படுபவை மூன்று.

முதலாவது, கல் இடம் மாறுவது. சிறு பைகளில் இருக்க வேண்டிய பொடிக்கல் சிதறி அரைவட்டக் குழலுக்குள் போய்விடும். படுக்கையில் புரண்டாலும், குனிந்து நிமிர்ந்தாலும், அண்ணாந்து பார்த்தாலும் உலகமே ஒரு சுழற்று சுழற்றும். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். தலையை அசைக்காமல் இருந்தால் ஒன்றும் இல்லை. செம்பனைக் குலை வெட்டுபவர்களுக்கு இது பெரும் ஆபத்து. நீளக் கழியைத் தூக்கிப் பிடித்து, நாள் முழுவதும் அண்ணாந்து பார்ப்பதே அவர்கள் தொழில். உச்சியில் கூரிய அரிவாள், கீழே விழக் காத்திருக்கும் குலை. அந்த நேரத்தில் தலை சுற்றினால் என்ன ஆகும்?

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்லி ஒரு வழி கண்டார். நோயாளியைப் படுக்க வைத்துத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி, கல்லைக் குழலுக்கு வெளியே உருட்டிவிடுவதுதான் அந்த வழி. குழாய்க்குள் விழுந்த கோலிக்குண்டைக் குழாயைத் திருப்பித் திருப்பி வெளியே எடுப்பது போலத்தான். 1980-இல் அவர் இதைச் செய்து காட்டியபோது மற்ற மருத்துவர்கள் நம்பவில்லை. 1992-இல்தான் அவருடைய முழுக் கட்டுரை மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்று உலகம் முழுவதும் செய்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணம் தெரியும். முதல் தடவை மருத்துவரிடமே செய்துகொள்ளுங்கள். முடி வெட்டும் கடையில் கழுத்தைச் சொடுக்கி விட்டால் சரியாகிவிடும் என்று போய் உட்காராதீர்கள். கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரவும் கூடும்.

இரண்டாவது, ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு வீங்குவது. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று நாள் கணக்கில் சுழலும், வாந்தி வரும், நடந்தால் கெட்ட காதின் பக்கமாக உடம்பு இழுத்துக்கொண்டு போகும். ஒரு மாடு சோர்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது போல! முதல் ஓரிரு நாள் கடுமை தணிந்த பிறகு எழுந்து நடமாட வேண்டும். அசையாமல் படுத்தே இருந்தால் மூளை புதிய நிலைமைக்குப் பழகுவது தாமதமாகும்.

மூன்றாவது, மெனியே நோய். காது அடைத்தது போல இருக்கும், உள்ளே இரைச்சல் கேட்கும், கேள்வி குறையும், மணிக்கணக்கில் சுற்றும். பிறகு சரியாகும், மீண்டும் வரும். 1861-இல் பாரிஸ் மருத்துவர் மெனியே சொல்லும் வரைக்கும், இப்படித் தலைசுற்றி விழுபவர்களுக்கு மூளையில் இரத்தம் ஏறிவிட்டது என்று நினைத்து உடம்பிலிருந்து இரத்தத்தை இறக்குவார்கள். குற்றவாளி காது என்று எடுத்துக் காட்டியவர் அவர்தான். இந்த நோயாளிகளுக்கு மருத்துவர்கள் உப்பைக் குறைக்கச் சொல்வது வழக்கம். கருவாடு, ஊறுகாய், பொட்டல மீ இவற்றில் கையை அடக்க வேண்டியதுதான்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

இங்கேதான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். கிளினிக்கில் "பெனிங்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மலாயில் அந்தச் சொல் தலைவலிக்கும் ஆகும், தலைச்சுற்றலுக்கும் ஆகும். பனடோலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறோம். கண்முன்னே பொருள்கள் சுழன்றால் "பெர்பூசிங்" என்று சொல்லுங்கள். கண் இருண்டு விழப் போவது போல் இருந்தால் "பித்தாம்" என்று சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு.

கண் இருட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் காது அல்ல. இரத்தசோகையாக இருக்கலாம். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனதாக இருக்கலாம். இனிப்பு நீர் மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ அதிகமாகியிருக்கலாம். நம் பெண்கள் பலர் ஒரு கோப்பைக் கோப்பியோடு பெரட்டுக்குப் போய்விட்டு, பத்து மணிக்குத் தலை சுற்றுகிறது என்பார்கள். அதற்கு மருந்து காலைச் சாப்பாடுதான்.

இந்த நான்கையும் கவனித்து வைத்துக்கொண்டு போங்கள். சுற்றல் எவ்வளவு நேரம் இருக்கிறது? எதைச் செய்யும்போது வருகிறது? காதில் இரைச்சலோ மந்தமோ உண்டா? வெளிச்சத்திலும் தடுமாறுகிறதா, இருட்டில் மட்டுமா? இவற்றைச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். தேவைப்பட்டால் காது, மூக்கு, தொண்டைச் சிறப்பு மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்களே கடிதம் கொடுப்பார்கள். அலோர் ஸ்டாரில் சுல்தானா பஹியா மருத்துவமனை இருக்கிறது. கடிதத்தை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்!

ஒன்றை மட்டும் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தலைச்சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை கால் தளர்ந்தாலோ, பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் போனாலோ அதைக் காது என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. அது பக்கவாதத்தின் அடையாளம். 999-ஐ அழையுங்கள். நிமிடமும் வீணாகக் கூடாது.

செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

அழிந்துபோன உணர்வணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் மூளை பழகும். 1940-களில் லண்டனில் கோதார்ன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் இதற்கென்றே பயிற்சிகளை வகுத்தார்கள். படுக்கையில் கண்ணை அசைப்பதில் தொடங்கி, தலையை ஆட்டுவது, உட்கார்ந்து எழுவது, பந்தை எறிந்து பிடிப்பது, மேட்டில் ஏறி இறங்குவது என்று படிப்படியாக அவை போகும். முதலில் தலைச்சுற்றல் கொஞ்சம் கூடும், விட்டுவிடக் கூடாது. சுற்றலைக் கண்டு பயந்து தலையையே அசைக்காமல் இருப்பவருக்குத்தான் நோய் நீடிக்கும்.

மருத்துவர் பக்கவாதம் இல்லை, எலும்பில் கோளாறு இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகு வீட்டில் இவற்றைச் செய்யலாம். சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதையே பார்த்துக்கொண்டு தலையை இடம் வலமாக ஒரு நிமிடம் ஆட்டுங்கள். சுவர் ஓரமாக, குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே கோட்டில் நடந்து பழகுங்கள். பேரப்பிள்ளையோடு பந்து பிடித்து விளையாடுங்கள். பிள்ளைக்கும் மகிழ்ச்சி, தாத்தாவுக்கும் வைத்தியம்! துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்டெமெட்டில் போன்ற மாத்திரைகள் வாந்தியும் சுழற்சியும் கடுமையாக உள்ள முதல் சில நாட்களுக்கு உதவும். அதற்குப் பிறகும் கடையில் வாங்கி மாதக் கணக்கில் விழுங்கக் கூடாது. மூளை பழகுவதை அவை தடுக்கின்றன. முதியவர்களுக்குக் கை நடுக்கமும் தரலாம்.

காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீரால் கழுவும்போது, தண்ணீர் அதிகக் குளிராக இருந்தாலும் அதிகச் சூடாக இருந்தாலும் அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். சூடு உட்செவித் திரவத்தை அசைத்துவிடுகிறது. அந்தக் கவனிப்பிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்! காது மருத்துவர் இன்றும் சூட்டையும் குளிரையும் அளவாகச் செலுத்திச் சமநிலையைச் சோதிப்பது உண்டு. வீட்டில் அளவில்லாமல் ஊற்றினால் தலை சுற்றலாம். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் காது சீழ் பிடிக்கவும் கூடும்.

படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரு சிறு இரவு விளக்கு எரியட்டும். வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். குளியலறைச் சுவரில் ஒரு பிடிகம்பி அடித்துவிடுங்கள். தடி பிடிப்பது வெட்கம் அல்ல. தடி வழியாகவும் கைக்குத் தரையின் செய்தி வருகிறது. சமநிலை கெட்டவர்கள் ஏணி ஏற வேண்டாம். சுற்றல் தீரும் வரை மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். ஆற்றிலோ குளத்திலோ தலை முழுக மூழ்க வேண்டாம். கலங்கிய தண்ணீருக்குள் கண்ணும் உதவாது, காலுக்குத் தரையும் இராது. மேல் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போய்விடும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தண்டலாக இருப்பவர்களும், கிராணியாக இருப்பவர்களும், வீட்டில் பெரியவர்களை வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். பகலில் ஒழுங்காக நடந்து இருட்டில் தள்ளாடும் ஒருவரைக் கண்டால் மூக்கைச் சுளிக்காதீர்கள். "உங்களுக்குத் தலை சுற்றுகிறதா? முன்பு ஏதாவது ஊசி போட்டீர்களா?" என்று கேளுங்கள். கருக்கல் வேலையிலிருந்து வெளிச்ச வேலைக்கு அவரை மாற்ற முடியுமா என்று பாருங்கள். சம்பளம் குறையாமல் மாற்றினால் இன்னும் நல்லது. கையில் ஒரு விளக்கைக் கொடுங்கள். கிளினிக்குக்கு ஒரு நடை கூட்டிப் போங்கள்.

அடுத்த இதழில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.